டொக்

கீழ்வீட்டு மகுடேஸ்வரனுக்கு
நிட்டிங்கில் நைட் ஷிப்ட்.
விடிந்தால்தான் அவருக்கு ராத்திரி.
படியேறி வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றார்.
"தப்பா நெனச்சுக்காதீங்க மாஸ்டர்,
பத்து மணியிலிருந்து ரெண்டு மணி மட்டும்
தலைக்கு மேல உரலு இடிக்கறாப்புல இருக்குதுங்."

"பகல்ல எங்க வீட்ல ஆருங்க நடக்கறது?"
சிரித்தது நான்தான்.
லோகநாயகி காபி டம்ளரை வைத்துவிட்டு
உள்ளே போனாள்.
டொக், டொக், டொக்.
மூன்று பேரும் கேட்டோம்.

மரமல்ல அது,
மரத்தின் போட்டோ ஒட்டிய பலகை.
வேலம்பாளையத்தில் இந்த வீட்டை வாங்கிய வருசம்
பழைய மொசைக் மேலேயே
அப்பளம் கனத்தில் ஒரு நுரைத்தாளை விரித்து
ஒரே பகலில் மாட்டிவிட்டுப் போனான் காண்ட்ராக்டர்.
பார்த்தால் தேக்கு.
மிதித்தால் காலி டப்பா.

சுலபமானதை முதலில் செய்தேன்.
நடுக்கூடத்தில் பவானி ஜமுக்காளம் இரண்டு,
நாற்காலிக் கால்களுக்கு பனியன் வெட்டுத்துணி.
சத்தம் கொஞ்சம் தடித்தது, அவ்வளவுதான்,
சளி பிடித்தவன் பேசுகிறாற்போல.

ஞாயிற்றுக்கிழமை
கட்டிங் சாக்கட்டியோடு தரையில் உட்கார்ந்தேன்.
ஸ்க்ரூடிரைவர் பிடியால் பலகை பலகையாகத் தட்டினேன்.
தொப் என்றால் விட்டேன்.
டொக் என்றால் வட்டம் போட்டேன்.
தேங்காய் வாங்கும்போதுகூட
இத்தனை காது கொடுத்ததில்லை.

பன்னிரண்டரைக்கு எழுந்து நின்று பார்க்கிறேன்,
வட்டங்கள் கூடமெங்கும் சிதறிக் கிடக்கவில்லை.
வாசற்கதவில் ஆரம்பித்து
சோபாவை ஒட்டி நேரே ஓடி
ஜன்னலில் முடிந்தன.
ஸ்கேல் வைத்தாலும் எனக்கு
அப்படி ஒரு கோடு விழாது.
கழற்றிப் பார்த்தால்
நுரைத்தாள் அந்தக் கோட்டில் மட்டும்
செத்துக் கிடந்தது.

பதினான்கு எட்டு.
போன தை வரைக்கும்
நாற்பது மெஷினுக்கு நடுவே
அதே நீளத்தில்தான் அவள் போனாள், வந்தாள்.
லைன் சூப்பர்வைசர், பத்தொன்பது வருசம்.
யூனிட்டை மூடிய அன்று
கணக்கு முடித்து
ஒரு குத்துவிளக்கும் கொடுத்தார்கள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
பலகைகளின் முதுகில் நம்பர் எழுதி
சுவரில் சாய்த்தேன்.
கம்பெனியின் ஆறடி ஸ்டீல் ஸ்கேலை
மொசைக் மேல் நிறுத்தி,
அடியில் வெளிச்சம் புகுந்த பள்ளத்துக்கெல்லாம்
கலவை ஊற்றினேன்.
அது காயும் மட்டும் ரெண்டு ராத்திரி
சமையலறையில் படுத்துக்கொண்டோம்,
கேஸ் சிலிண்டருக்கு ஒருபக்கம் அவள், ஒருபக்கம் நான்.
கோயமுத்தூரிலிருந்து தக்கைச் சுருள் வந்தது.
விரித்து, பலகைகளை நம்பர்படி மாட்டினேன்.
சுவரோரம் ஒரு விரல் அகலம் விட்டேன்.

"அதென்னங்க சந்து?"
பலகை ஊறும், துணி சுருங்கும்,
எதுக்கும் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டணும்,
உனக்குத் தெரியாததா என்றேன்.
"ஆமாங்க, உங்களாட்ட மாஸ்டரு விடாம வெட்டி
எத்தன பீஸு ரிஜெக்ட் ஆயிருக்குது" என்றாள்.

நடந்து பாரு என்றேன்.
போனாள். ஜன்னலைத் தொட்டுத் திரும்பினாள்.
தரை வாயே திறக்கவில்லை.

"மெஷின் ஓட்டத்துல
எங்கால் சத்தம் எனக்குக் கேட்டதே இல்லீங்க.
இங்க வந்துதான் கேட்டுது."
கொஞ்ச நேரம் கழித்து,
ஜமுக்காளத்தை மடித்துக்கொண்டே,
"இப்ப மறுபடியும் கேக்கல."

மகுடேஸ்வரன் அரைக் கிலோ மைசூர்பாகோடு வந்தார்.
ஏழு மணி நேரம் தூங்கினாராம்.
இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

தக்கை பத்தவில்லை என்று சொல்லி
வாசற்பலகை ஒன்றை மட்டும்
பழையபடியே விட்டிருக்கிறேன்.
அதற்குக் கீழே யார் வீடும் கிடையாது, மாடிப்படிதான்.
மிச்சச் சுருள் பீரோவுக்கு மேலே இருக்கிறது.

சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு ஏறுகிறேன்.
பாதிப் படியில்
தலைக்கு மேலே
டொக்.