முதுகுத் தண்ணி

இரவு இரண்டு நாற்பது.
கடலூர் அரசு மருத்துவமனை, குழந்தைகள் வார்டு,
பதினொன்றாம் கட்டில்.
மிருதுளா, நான்கு வயது, தேவனாம்பட்டினம்.
கழுத்து மடங்கவில்லை.
சுவரைப் பார்த்துக் கிடக்கிறாள்,
ட்யூப்லைட் வெளிச்சம் வலிக்கிறது அவளுக்கு.
ஜன்னலில் தெற்குக் காற்று, சிப்காட் நெடி.

"முதுகுல தண்ணி எடுக்கக் கூடாது.
எடுத்தா கால் விளங்காது."
அப்பா பெயர் தேசிங்கு.
விரல் இடுக்குகளில் வலை அறுத்த பழைய கோடுகள்.
ட்ரிப்ஸைக் கழற்றச் சொல்கிறார்.
கீழே ஆட்டோ நிற்கிறதாம்.

டாக்டர் இருமுறை விளக்கினார்.
மூன்றாம் முறை குரல் உயர்ந்தது.
உயர்ந்த கணத்தில் தேசிங்கு கேட்பதை நிறுத்திவிட்டார்.
இதை நான் எழுதவில்லை.

எழுதியது:
தந்தை மறுப்பு. விளைவுகள் தமிழில் விளக்கப்பட்டன.
ஆர்.எம்.ஓ.வுக்குத் தகவல், 2.25.
கீழே என் பெயர், வெ. குமுதினி.

பெரியவர் வேண்டாமென்றால் அது அவர் உடம்பு.
பிள்ளைக்கு வேண்டாமென்று பெரியவர் சொன்னால்
அது யார் உடம்பு?
படிக்கும்போது ஐந்து மதிப்பெண் கேள்வி.
நான் நான்கு வாங்கினேன்.

ஆறு வருடத்துக்கு முன் பண்ருட்டிப் பையன் ஒருவன்.
நான் சொல்லச் சொல்ல அவன் அப்பா எழுதினார்:
என் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறேன்.
"பொறுப்புக்கு எந்த ற சிஸ்டர்?"
"பெரிய ற" என்றேன்.
கையெழுத்து வாங்கிட்டா நமக்கு ஒண்ணும் வராது
என்றார் அன்றைய மேட்ரன்.
ஒன்றும் வரவில்லை.
அந்தப் பையனும் வரவில்லை.

அந்தத் தாள் இப்போதும் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது,
கட்டுக் கட்டாக.
சுவரில் தாய்ப்பால் போஸ்டருக்குக் கீழே
1098 என்று யாரோ மார்க்கரில் எழுதிய எண்.
வாசலில் போலீஸ் அவுட்போஸ்ட்.
கூப்பிட்டால் இவள் இங்கேயே இருப்பாள்,
அடுத்த காய்ச்சலுக்கு அந்தத் தெருவிலிருந்து
ஒரு பிள்ளையும் வராமல் போகலாம்.
கூப்பிடாவிட்டால்
அடுத்த காய்ச்சல் இவளுக்கு இல்லை.

"அண்ணே, நீங்க தூக்கிட்டுப் போனா
நான் போன் பண்ணியாகணும்.
ஒளிச்சுப் பண்ண மாட்டேன்,
உங்க முன்னாடியே பண்ணுவேன்."
அடிக்க வருவார் என்று நினைத்தேன்.
தரையில் உட்கார்ந்துவிட்டார்.
நானும் உட்கார்ந்தேன். யூனிபார்ம் அழுக்காகட்டும்.

"யாருக்குண்ணே கால் போச்சு?"
அண்ணன் மகனுக்கு.
ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்து
பத்தாம் நாள் கொண்டுபோனார்களாம்.
சொல்லிக்கொண்டே வந்தவர்
ஒன்பது என்ற இடத்தில் நின்றார்.
"கால் ஊசியால போகல, காய்ச்சலால" என்றேன்.
தலையை ஆட்டினார். ஆம் இல்லை, இல்லைதான் அது.

அப்போதுதான்
கதவருகே செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றவள்
"எங்க போடணும்?" என்றாள்.
பூங்கோதை. பிள்ளையின் அம்மா.
சட்டத்தில் அவள் கையெழுத்துக்கும் அதே எடைதான்.
மாலையிலிருந்து
டாக்டர் கேட்கவில்லை, ஆட்டோக்காரர் கேட்கவில்லை.
நானும்தான் கேட்கவில்லை.
கோடு போட்ட நோட்டில் எழுதுவதுபோல்
ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதினாள்.
தேசிங்கு எழுந்து வெளியே போனார்.
அவர்கள் வீட்டில் இனி என்ன நடக்குமென்று
கேட்க எந்தப் படிவத்திலும் இடமில்லை.

இறால் மாதிரி சுருட்டிப் பிடித்துக்கொண்டேன் மிருதுளாவை,
முழங்கால் மார்பில் படும்படி.
தண்ணீர் தெளிவாக வர வேண்டும்.
அரிசி களைந்த நீராக வந்தது.
முதல் மருந்து 3.35.

நான்கு மணிக்குப் பார்த்தால்
கட்டிலின் கால்மாட்டில் தேசிங்கு.
எப்போது திரும்பினாரோ.
ஐந்து நிமிடத்துக்கொரு தடவை
பிள்ளையின் உள்ளங்காலைச் சுரண்டுகிறார்.
அவள் இழுத்துக்கொள்கிறாள்.
மறுபடி சுரண்டுகிறார்.
தூங்கவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.

ஆறு மணிக் குறிப்பு:
காய்ச்சல் 102. வாந்தி இல்லை.
கால் அசைவு என்றொரு கட்டம் உண்டு எங்கள் தாளில்.
அதை மட்டும்
அவரைக் கேட்டு நிரப்பினேன்.