கறுப்பு ஜன்னல்

அறையைப் பார்க்க வந்தது ஜூனில்.
இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம்.
ஜன்னல் முழுக்க எதிர்க்கரை மலை,
கீழே இடுக்கில் நுழைந்த கடல்,
மலையின் தோளில் உப்புக்கல் மாதிரி
இரண்டு ஆடுகள்.
மேசை எத்தனை போடட்டும் என்றார்
கிளாக்ஸ்விக் நகராட்சிக்காரர்.
மேசை எதற்கு, ஜன்னல் இருக்கிறதே என்று
கையெழுத்துப் போட்டேன்.

வகுப்பு தொடங்கியது நவம்பரில்,
செவ்வாய்க்கிழமை, மாலை ஆறரை.
பதினேழு வருடமாக இந்தத் தீவில்
நிலக்காட்சி தவிர வேறொன்றும் வரையாதவள்,
நவம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பதை
மறந்துபோனேன்.
வெளிச்சம் போனால் தூரிகையைக் கழுவிவிடுவேன்.
அதற்கப்புறம் வருகிற பொழுது
என் கணக்கிலேயே கிடையாது.

ஜன்னலில் மலை இல்லை.
இரண்டு குழல்விளக்குகள்,
ஈர மேலங்கிகள் சொட்டும் கம்பி,
மடியில் பலகையோடு எட்டுப் பேர்,
அவர்களுக்கு முன்னால்
வாயைத் திறந்தபடி ஒருத்தி.

தாங்கியின் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு
காற்றோடு மல்லுக்கு நின்று வரைந்திருக்கிறேன்.
பேசிக்கொண்டு வரைந்ததில்லை.
முதுகுக்குப் பின்னால் யாராவது வந்து நின்றால்
அவர்கள் போகும்வரை
சாயக்குழாய்களின் மூடியைத் திருகிக்கொண்டிருப்பேன்.
எழுதி வந்த தாளில் முதல் வரி:
'முதலில் வானத்தைப் பாருங்கள்.'
மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"நினைவிலிருந்து வரைவோம்," என்றேன்,
ஆரம்பத்திலிருந்தே அதுதான் திட்டம் என்பதுபோல.
"எதிர் மலை. தினமும் பார்க்கிறதுதானே."

பல் மருத்துவமனை ரன்வா
சொத்தையைத் தேடுகிறவள்போல
பென்சில் முனையால் தாளைக் குத்திப் பார்த்தாள்.
காப்பீட்டு அலுவலக ஹானுஸ் அளவுகோல் கேட்டார்.
இல்லையென்றதும்
வங்கி அட்டையை வைத்துக் கோடிழுத்தார்.
அம்மா பணம் கட்டிவிட்டதால் வந்திருந்த ஐட்னா,
பதினாறு வயது,
தாள் முழுவதையும் கறுப்பால் நிரப்பி
நடுவில் ஒரு குழல்விளக்கைத் தீட்டினாள்.
"எனக்கு இதுதான் தெரிகிறது."
நல்ல கறுப்பு. உள்ளே எங்கோ நீலம்.
எப்படிக் கலந்தாய் என்றேன்.
தெரியாது என்றாள்.

செய்து காட்டலாம் என்று
நானும் பெரிய தாளில் கரிக்கட்டியை வைத்தேன்.
உச்சியிலிருந்து இறங்கிய கை
பாதிச் சரிவில் நின்றது.
பழக்கத்தில் நிமிர்ந்தேன்,
பரீட்சையில் பக்கத்துத் தாளைப் பார்ப்பவள்போல.
ஜன்னலில் நானே நிமிர்ந்தேன்.
இருநூறு தடவையாவது தீட்டிய மலை,
ஒரு தடவைகூட
மனப்பாடம் ஆகியிருக்கவில்லை.
ஊகத்தில் ஒரு கோட்டை இழுத்துவிட்டேன்.

"அங்கே ஒரு வெட்டு உண்டு."
பின்வரிசையிலிருந்து ட்ரோண்டுர்,
சால்மன் பண்ணைப் படகுக்காரர்,
சட்டையில் மீன்தீவன வாடை.
என்னைக் கேட்காமலே எழுந்து வந்து
என் கோட்டைக் கட்டைவிரலால் துடைத்து
சின்னதாக ஒரு பள்ளம் வைத்தார்.
"பனி கடைசியாக உருகுவது இதில்தான்.
ஆடு விழுந்தாலும் இதில்தான் விழும்."
மூன்று பேர் தலையாட்டினார்கள்.
எனக்குக் காது சுட்டது.

வீட்டில் பழைய படங்களையெல்லாம்
சுவரோரம் நிறுத்திப் பார்த்தேன்.
ஒன்றிலும் வெட்டு இல்லை.
புதன் மூடுபனி.
வியாழன் மழை.
வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் கொஞ்சம் விலகியது.
கரையில் நின்று பார்த்தேன்.
மழமழவென்று சரிவு,
வெட்டு இல்லவே இல்லை.
அப்பாடா என்று திரும்பினால்
படகுத்துறையில் ட்ரோண்டுர்,
கயிற்றை அவிழ்த்தபடி,
ஏறுகிறாயா என்பதுபோல் தலையைச் சாய்த்தார்.

பதினேழு வருடம் கடலை வரைந்தவளுக்கு
அலை ஒத்துக்கொள்ளவில்லை.
இரண்டு தடவை வாந்தி.
மூன்றாவதற்குக் குனிந்து
ஒன்றும் வராமல் நிமிர்ந்தபோது
அது இருந்தது,
சரிவின் மறுபக்கம் திரும்பும் இடத்தில்,
யாரோ கடித்து வைத்ததுபோல்,
உள்ளே ஒரு கைப்பிடிப் பனி.

பையைத் துழாவினேன்.
மடித்து வைத்த தாள் இருந்தது.
பென்சில் இல்லை.

"பரவாயில்லை," என்றார்,
இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தி,
சிரிப்பை அடக்கிக்கொண்டு.
"செவ்வாய்க்கிழமை
நினைவிலிருந்து வரைந்துகொள்ளலாம்."