மேசைக்கு இந்தப் பக்கம்

விற்கிறவன் சொல்கிறேன்.
நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

கிரெம்னிட்சாவில் பிப்ரவரி.
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நாற்பது மேசைகள்.
பூட்ஸ் பனி உருகித் தரையெல்லாம் சகதி,
ரம் ஊற்றிய தேநீரின் ஆவி.
என் கண்ணாடிப் பெட்டியில் பதினொரு டுக்காட்டுகள்,
ஒவ்வொன்றும் மூன்றரை கிராமுக்கு மூன்று எள் குறைவு.

முதலில் புத்தகம் வாங்குங்கள், பிறகு காசு.
இதை நான் சொல்லக் கூடாது.
படிக்காதவர் நாலு பேர் வந்தால்தான்
என் மதியத் தட்டில் இறைச்சி இருக்கும்.

என் விளக்கடியில் பார்க்காதீர்கள்.
மஞ்சள் விளக்கு அது,
எந்தப் பொன்னையும் மணப்பெண்ணாக்கிவிடும்.
ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாயுங்கள்.
மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடினால்
யாரோ பல்பொடி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.
அழுக்கு போயிருக்கும்,
கூடவே பாதி விலையும்.

முகத்துக்கு முன்னால் விளிம்பைப் பாருங்கள்.
முகம் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும்.
கோடரி ஏந்திய அரசனின் தலைக்கு நேர்மேலே
விளிம்பில் சற்று வெளுத்த புள்ளி இருந்தால்
அங்கே ஒரு வளையம் பற்றவைத்திருந்தார்கள்.
எந்தக் கழுத்திலோ எண்பது வருடம் ஆடிய காசு.
அது குற்றமில்லை.
அதற்கும் ஒரு விலை உண்டு,
நான் சொல்லும் விலை அதுவல்ல.

எழுத்துகள் நனைந்த சோப்பில் செதுக்கியதுபோல் மழுங்கியிருந்தால்,
வெற்றிடத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தால்,
அது அடித்த காசல்ல, வார்த்தது.
விவாதம் வேண்டாம்.
கீழே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போங்கள்.

'இன்னொருவர் கேட்டிருக்கிறார், மதியம் வருவார்' என்பேன்.
அப்படி ஒருவர் இல்லை.
இருபத்தாறு வருடமாக அவர்
மதியம் வந்துகொண்டே இருக்கிறார்.

கதையும் சொல்வேன்: கோட்டைச் சுவர், புதைத்த பானை, போர்.
கேளுங்கள், நன்றாகத்தான் சொல்வேன்.
ஆனால் அதற்குத் தனியாகப் பணம் தராதீர்கள்.
பதிலுக்கு ஒன்று கேளுங்கள்:
'இதையே நாளைக்குக் கொண்டுவந்தால்
என்ன தருவாய்?'
கேட்டுவிட்டு, என் வாயைப் பார்க்க வேண்டாம்,
கையைப் பாருங்கள்.

ஜெல்மீரா அப்படிக் கேட்கவில்லை, முதல் தடவை.
ஸ்வோலெனில் ரயில்வே சிக்னல் அறையில் இரவுப் பணி.
மிகைநேரச் சம்பளம், உறையில் அறுநூற்று நாற்பது யூரோ.
தேய்த்த காசைக் கொடுத்தனுப்பினேன்.
மறு வருடம் வந்தாள். மேசைமேல் வைத்தாள்.
'இது தேய்த்தது.'
'ஆமாம்.'
அவ்வளவுதான் பேசினோம்.
திருப்பிக் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த வருடம் தராசோடு வந்தாள்,
பத்து மடங்கு காட்டும் லென்ஸோடு.
ஒரு மணி நேரம் நின்றாள்.
பக்கத்து மேசை ஸ்டிபோர் எனக்குக் கண்ணடித்தான்.
ஏழாவதைத் தொட்டாள். 'எவ்வளவு?'
'சாதாரண வருடம்தான். அறுநூற்று எண்பது.'
எண்ணி வைத்தாள். பேரம் பேசவே இல்லை.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்:
பேரம் பேசாத கை
எதையோ பார்த்துவிட்ட கை.

இரவு, பதிவுக்காக எடுத்த படத்தைப் பெரிதாக்கினேன்.
வருடத்தின் கடைசி எண் ஏழு.
ஏழின் இடுப்புக்குப் பின்னால்,
சிக்னல் கம்பத்தின் பின்னால் ஒளிந்த பையன்போல்,
ஒரு ஆறு.
பதினொரு வருடம் என் பெட்டிக்குள் இருந்த காசு.
நான் பார்த்ததெல்லாம் முகத்தை.

அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறதென்று தெரியும்.
என்னிடமும் ஒரு பிரதி உண்டு,
பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்,
மேசையின் ஒரு காலுக்கு முட்டாக.

இன்று அதை உருவி எடுத்துவிட்டேன்.
மேசை கொஞ்சம் ஆடும்,
கையை ஊன்றாமல் பாருங்கள்.