மூன்று அங்குலம்

மூன்று அங்குலக் குழாயை
இரண்டாகக் குறுக்கியவன் நான்.
வேறு யார் பெயரையும் எழுதாதீர்கள், மார்லிஸ்.
ரைனோ காங்காஸ். ஒற்றைக் கொம்பு, ஐகாரம் வேண்டாம்,
காங்காஸ் என்று ஏரிக்கரையில் பாதிப்பேர் இருக்கிறோம்.

டுலூத்தில் அது
துறைமுக விளக்குகள் பனிக்கட்டிக்குள்ளிருந்து எரிந்த வாரம்.
சலவைக்கூடத்துக் கூரையில் ஏற்கெனவே ஓர் ஓட்டை,
இரண்டரை அங்குலம்,
எப்போதோ பிடுங்கிப்போட்ட ஆன்டெனாவுடையது.
புதிதாய்த் துளைக்கத் தாரும் ஆளும் வேண்டும்.
கூரைக்காரர்கள் ஏப்ரலுக்கு முன் வரமாட்டார்கள்.
என் பையில் ஒரு ரெட்யூசர் இருந்தது.
கையில் இருப்பதைத்தானே கை எடுக்கும்.

அதற்கு முன் குழாய்
சுவரைத் துளைத்து நேரே வெளியேறியிருந்தது.
ஒரு விடியலில் வால்வு ஊத,
இரவுப்பணி முடிந்து வந்த நர்ஸுக்கும் அவள் காருக்கும் நடுவே
வெள்ளையாய் ஒரு சுவர் எழுந்து நின்றதாம்.
மேலே திருப்பு என்றார்கள். திருப்பினேன்.
இரண்டு முழங்கை, பதினெட்டு அடி,
மொத்தப் பாரமும் வால்வின் கழுத்தில்.

நீங்கள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
முதலில் யாரோடும் பேசவில்லை.
கட்டைவிரலை எச்சில் தொட்டு
வால்வின் தகட்டைத் துடைத்துப் படித்தீர்கள்:
மணிக்கு நாலாயிரத்து முந்நூறு பவுண்டு.
பிறகு கொதிகலனைச் சுற்றி நடந்து
பர்னரின் தகட்டையும் படித்தீர்கள்.

"பர்னரை எப்போது மாற்றினீர்கள்?"
போன இலையுதிர்காலம், என்றார் வெர்லின் ஸ்கூக்.
"வால்வை?"
உலர்த்தி எந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

படுக்கைவிரிப்புக் கணக்குத்தாளின் முதுகில்
ஐயாயிரத்து இருநூறு என்று எழுதி
கீழே பழைய எண்ணை வைத்துக் கழித்தீர்கள்,
மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல, கோடு போட்டு.
தொள்ளாயிரம்.
மணிக்குத் தொள்ளாயிரம் பவுண்டு ஆவி
போக வழியில்லாமல்.

"இந்தக் குழாய் வைத்த பின்
ஒரு தடவைகூட ஊதியதில்லை அம்மா," ஸ்கூக் சொன்னார்,
நற்சான்றிதழ் நீட்டுவதைப் போல.
"அதுதான் என் கவலை" என்று
நெம்புகோலைப் பிடித்து இழுத்தீர்கள்.

அந்தச் சத்தத்தை நான் மறக்கவில்லை.
திறந்தது, அறைந்து மூடியது, திறந்தது,
குளிரில் நனைந்தவனின் பற்களைப் போல.
விட்ட மூச்சே குறுகிய குழாயில் முட்டித் திரும்பி
அதன் வாயிலேயே அடித்தது.
பதினெட்டு அடி இரும்பும் ஆடியது.
ஸ்கூக் கதவருகே போய்விட்டார்.
நான் நகரவில்லை. வீரம் இல்லை,
கால் வரவில்லை.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள்.
முழங்கையின் அடியில் வடிகால் துளை இருந்ததே,
அது ஸ்கூக்கின் பூட்ஸில் சொட்டுகிறது என்று
திருகாணி போட்டு அடைத்ததும் நான்தான்.
உள்ளே தேங்கிய நீர் மேலே உறைந்து
ஒரு கை நீளப் பனிக்கட்டியாகக் கிடைத்தது,
கழற்றியபோது, குழாய்க்குள் அச்சு வார்த்தது போல.

சிவப்புச் சீட்டு. இரண்டு நாள் கொதிகலன் குளிர்ந்து கிடந்தது.
அழுக்கு விரிப்புகள் லாரியில் பாலம் தாண்டி
சுப்பீரியர் ஊருக்குப் போயின.
மாடியில் யாரோ எங்களைத் திட்டினார்கள். திட்டட்டும்.
நான் கூரைமேல் மண்டியிட்டு
உறைநிலைக்குக் கீழே இருபது டிகிரியில்
நாலு அங்குலக் குழாய்க்கு வட்டம் அறுத்தேன்.
ரம்பம் இரண்டு பல்லை விட்டுச் சென்றது.
புதிய குழாயை உத்திரத்தில் கட்டினேன்;
வால்வின் முழங்கை அதன் வாய்க்குள் நிற்கிறது,
சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி, எங்கும் தொடவில்லை.

வியாழன் மாலை மறுபடி நெம்புகோல்.
இந்தத் தடவை நடுக்கம் இல்லை.
ஒரே திறப்பு, ஒரே கர்ஜனை,
கூரைக்கு மேலே தூணாய் எழுந்து
ஏரிப்பக்கம் சாய்ந்தது.
நிறுத்தத்தில் இருந்த ஒரு காரும் நனையவில்லை.

கையெழுத்துப் போட்டீர்கள். கிளம்பவில்லை.
பழைய ரெட்யூசர் எங்கே என்று கேட்டு
வாங்கி, உள்ளங்கையில் எடை பார்த்து,
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.
பை ஒரு பக்கம் தொங்கியது.

"இந்த ஊரில் இன்னும் எத்தனை கூரைகள், ரைனோ?"

கையுறையைக் கழற்றினேன்.
பள்ளிக்கூடம் ஒன்று. மதுவடிசாலை.
ஒன்பதாம் தெருவில் அந்த முதியோர் இல்லம்.
கட்டைவிரலை மடக்கி, மறுபடி
முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.