உயிரை விட்டு எழுதுவது

செம்பூரில் மாவு மில்லுக்கு மேலே
ஒரே ஒரு அறை. அதுதான் விகாரை.
வாசலில் கழற்றிய செருப்பின் மேல்
ஒரு மணிநேரத்தில் கோதுமை படிந்துவிடும்.
புத்தரின் இமைகளிலும் அதே வெள்ளை.
ஞாயிறுதோறும் சாயா அஹிரே
பழைய டூத்பிரஷால் அதை நீக்குகிறாள்,
குழந்தைக்குப் பீளை எடுப்பதுபோல.
பக்கத்தில் நீலக் கோட்டுப் படம்.
அதைத் துடைக்கத் தனித் துணி.

நான் பாந்த்ராவில்
குடும்ப நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்.
இருபத்தாறு வருடம்.
பிறர் வீட்டில் உடைந்த பாத்திரங்களை
நிமிடத்துக்கு நூற்றிருபது சொல் வேகத்தில்
எழுதிக் கொடுத்தவள்.
இந்த விரல் நிற்பதில்லை.
ரயிலில் யாரோ போனில் சண்டை போட்டால்
என் தொடைமேல் அதையும் கோடு கோடாய் இழுக்கும்.
வடாலாவில் ஏறினால்
சூனாபட்டி வருவதற்குள் இரண்டு பக்கம்.
இரவில் தலையணை உறைமேல் மிச்சம்.
தூக்கம் போய்ப் பதினோரு மாதம்.

சந்தேஷ் பகலில் ஏசி மெக்கானிக்.
இங்கே ஸ்பேனரால் மணி அடிப்பவன்.
முதல் நாள் சொன்னான்:
"மூச்சு உள்ளே வருது, நோட் பண்ணு.
வெளியே போகுது, நோட் பண்ணு.
அவ்வளவுதான்."
ஆளைத் தெரிந்துதான் சொல்கிறானா?
நோட் பண்ணினேன்.
உள்மூச்சுக்கு மெல்லிய கோடு,
வெளிமூச்சுக்கு அழுத்திய கோடு,
முழங்கால் வலிக்கு ஒரு கொக்கி.
கீழே மில் பெல்ட் அறுந்தது,
யாரோ யாருடைய தாயையோ இழுத்துத் திட்டியது,
ஒன்றையும் விடவில்லை.
மணி அடித்து, எப்படி இருந்தது என்றான்.
பதினாறு பக்கம் என்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்:
வேகம் கூடக்கூட உயிரெழுத்தை விட்டுவிடுவோம்.
மெய் போதும்.
சாயங்காலம் டைப் அடிக்கையில்
மீதியை ஊகித்துக்கொள்ளலாம்.
மூன்றாம் வகுப்புத் தமிழ் இலக்கணம்
ஐம்பத்திரண்டு வயதில்
நடு முதுகில் தட்டுகிறது:
இத்தனை நாளும்
உயிரை விட்டுவிட்டா எழுதிக்கொண்டிருந்தேன்?

ஜூலை. தண்டவாளத்தில் தண்ணீர்.
ஐந்து பேர்தான் வந்திருந்தோம்.
கரண்ட் போனதும் மில் நின்றது,
மில் நின்றதும்தான் தெரிந்தது
தரை இதுவரை அதிர்ந்துகொண்டிருந்ததென்று.
மூச்சு உள்ளே வந்தது.
கோடு இழுத்தேன்.
வெளியே கிளம்புமுன் ஓர் இடம் இருந்தது.
அதற்குக் கோடு இல்லை.
நீதிபதி சொல்லுக்குத் தடுமாறும்போது
பேனா காத்திருக்குமே, அப்படி
விரல் காற்றில் நின்றது.
ஆனால் அடுத்து யாரும்
எதுவும் சொல்லப்போவதில்லை.

ஞானம் கீனம் ஒன்றுமில்லை.
கண் திறந்தபோது முந்தானை நனைந்திருந்தது.
ஜன்னலை யாரும் சாத்தவில்லை.

திங்கட்கிழமை. மூன்றாம் எண் கோர்ட்.
கூண்டில் பிராஜக்தா, வயது முப்பத்தொன்று.
வக்கீல் கேட்டார்:
"அந்த வீட்டில் ஒருநாளாவது
சந்தோஷமாய் இருந்ததுண்டா?"
அவள் வாய் திறக்கவில்லை.
வழக்கமாய் இதற்கு ஒரு சின்னக் கோடு,
பதில் இல்லை, அடுத்த கேள்வி.
அன்று தலை நிமிர்ந்து பார்த்தேன்.
வளையலில் ஊக்கு தொங்கியது.
கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுவில்
மெதுவாய் ஏறிக்கொண்டிருந்தது.
எண்ணுகிறாள்.
மெய்யாகவே எண்ணிப் பார்க்கிறாள்.

"எழுதியாச்சா?" என்றார் நீதிபதி.
"இல்லை சார், அவங்க இன்னும்
சொல்லி முடிக்கலை" என்றேன்.
யாரோ சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.
கட்டைவிரல் நின்றது.
"நாலு நாள்" என்றாள்.

அந்த ஒரு பதிலை மட்டும்
உயிர்க்குறிகள் எதையும் விடாமல்,
புள்ளி புள்ளியாய் வைத்து எழுதினேன்.

திரும்பும் ரயிலில் செம்பூரைத் தவறவிட்டேன்.
கோவண்டியில் ஒரு மீன்கூடை முழங்காலில் இடித்து
விழிப்பு வந்தபோது
விரல்கள் மடியில் கிடந்தன.
நகக்கண்ணில் கொஞ்சம் மாவு.