குன்றுதல்

குளுய்பாவின் கோடைமேய்ச்சலுக்கு மேலே
பாறையைத் துளைத்து இரும்புத்தண்டு இறக்கினோம்.
அதன் தலையில் ஒரு வெள்ளைத் தட்டு.
"தொப்பி மாட்டிவிட்டீர்கள்
இனி மலைக்குச் சளி பிடிக்காது" என்றாள்.

இது தெஸ்கெய், நிழல்பக்கம்.
ஏரிக்கு அக்கரையில் குங்கெய், வெயில்பக்கம்.
இங்கே ஊசியிலை மரங்கள்
ஈரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கின்றன.
அங்கே முள், உதிர்கல், ஓணான்.
எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறோம்
என்பதுதான் சரிவின் தலைவிதி.
அக்கரையிலிருந்து வந்த மருமகன் எர்மெக்கை
பதினோரு வருடம் கழித்தும் 'வெயில்காரன்' என்கிறாள்.

மலை எப்படி எழுகிறது என்று கேட்டாள்.
தெற்கே ஒரு நிலம் தள்ளுகிறது, அவசரமில்லாமல்,
கம்பளத்தைச் சுவரோடு தள்ளினால் மடிப்பு விழுமே
அதுபோல, என்றேன்.
உடனே காலால் தள்ளிப் பார்த்தாள்.
இரண்டு விரல் தடிமன் கம்பளி அது. மடியவில்லை.
விறைத்து, ஓரமாக எழும்பி,
தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது.
"நிலநடுக்கம்" என்றான் எர்மெக், வாயில் ரொட்டியோடு.
என் உவமையைவிட அது சரியாக இருந்தது.

ஆண்டுக்கு ஓர் அரிசியின் தடிமன்.
அவ்வளவுதான் இந்த மலை உயர்வது.
அதையும் ஆறு விடுவதில்லை.
ஆனி மாதத்து இரவுகளில்
பனி உருகிய நீருக்கடியில்
கல் உருளும் சத்தம் கேட்கும்,
பக்கத்து அறையில் யாரோ
மேசை நாற்காலி இழுப்பதுபோல.
அது நிற்கிற மாதங்களில் குளுய்பாவுக்குத் தூக்கமில்லை.

கீழே அவள் குளிர்கால வீட்டருகே
மழுங்கிய முதுகுகளாய்க் குன்றுகள்.
ஆடுகள் மூச்சு வாங்காமல் ஏறும்.
ஊரின் கல்லறைகளும் அங்கேதான்.
மலையின் குட்டிகள் என்று நினைத்திருந்தேன்.
ஒரு வெட்டுமுகத்தில் பார்த்தேன்:
கூழாங்கல், மணல், மறுபடி கூழாங்கல்.
எல்லாம் மேலே இருந்தவை.
மலை தன்னைத் தானே
சுமை சுமையாக இறக்கி வைத்த இடம்.
குன்றியதுதான் குன்று.
என் வரைபடத்தில் வரவு மட்டும் இருக்கிறது.
செலவை ஆறு வேறெங்கோ எழுதுகிறது.

தை மாதத்தில் ஒருநாள்
மலை மூன்று விரல் உயர்ந்துவிட்டதாகத் திரை சொன்னது.
தலைநகர அலுவலகத்தில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.
குளுய்பாவை அழைத்தேன்.
"இரு" என்றாள்.

இரண்டு மணி நேரம்.
பிறகு மலை மெல்ல, ஒழுங்காக,
பழைய உயரத்துக்கு இறங்கிவந்தது.

"தட்டின்மேல் ஒரு முழம் பனி. கூட்டிவிட்டேன்.
நான் ஒன்று கேட்கவேண்டும்.
வரி கட்டுவது நான்.
வளர்கிற அந்த அரிசி யாருக்குச் சொந்தம்?"

நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் படிவத்தில் இடமில்லை.
'பிழைக்கான காரணம்' என்ற கட்டத்தில் பனி என்றும்,
'பயன்படுத்திய கருவி' என்ற கட்டத்தில்
விளக்குமாறு என்றும் எழுதினேன்.