ஊதச் சொல்கிறவள்

"ஊதுங்க ஊதுங்க ஊதுங்க
நிப்பாட்டாதீங்க, இன்னும், இன்னும்..."
ஒரு நாளில் நாற்பது தடவை
இதைக் கத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
கண்டி நெஞ்சுநோய்க் கிளினிக், மூன்றாம் அறை.
ஜன்னலைத் திறப்பதில்லை.

அட்டைக் குழாயை உதட்டால் கவ்வி
உள்ளே இருப்பதையெல்லாம்
மெஷினுக்குள் கொட்டுகிறார்கள்.
திரையில் ஒரு மலை எழும்பும்.
நல்ல நெஞ்சென்றால்
சட்டென்று ஏறி, கோடு பிடித்தாற்போல் இறங்கும்.
கெட்டுப்போனதென்றால்
இறங்கும் பக்கம் உள்வாங்கியிருக்கும்,
ஐப்பசி மழையில் இடுப்பு கழன்ற மண்மேடு மாதிரி.
சரிவைப் படிக்க இந்த ஊரில்
யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்றைக்கு ஒன்பதாவது ஆள் அந்தோனியம்மா.
வயது ஐம்பத்திரண்டு. லொத்தர் விற்கிறவள்.
கேள்விகள் படிவத்திலேயே அச்சாகி இருக்கின்றன.
புகைப்பதுண்டா? "சீச்சீ."
விறகடுப்பா? "கேஸ்தான், ஏழு வருசமா."
குடும்பத்தில் இழுப்பு? "யாருக்குமில்ல."
மூன்றுக்கும் இல்லை என்று புள்ளடி போட்டேன்.
வேறு கேள்வி படிவத்தில் இல்லை.

"எங்க இருந்து விப்பீங்க?"
"குட்செட்ல. நுவரெலியா பஸ் பின்னுக்கு எடுக்குமே,
அந்த மூலையில."
முக்காலி போட்டு உட்காருவாளாம்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
பஸ்ஸின் புகைக்குழாயும் அவள் வாயும்
ஒரே உயரம்.
பதின்மூன்று வருடம்.
படிவத்தின் ஓரத்தில், இடமில்லாத இடத்தில்,
அதைப் பென்சிலால் எழுதினேன்.

மூன்று தரம் ஊதினாள்.
ஆறு செக்கன் வேண்டும்.
மூன்றாவது செக்கனில் இருமல் வந்து
மலையை நடுவில் வெட்டிப் போட்டது.
கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள்:
"நம்ம கையால சீட்டு வாங்கினவனுக்கு
இதுவரைக்கும் விழுந்ததே இல்ல புள்ள.
எனக்கு மட்டும் விழுந்திருக்கு."

டாக்டர் இடத்தை மாற்றச் சொன்னார்.
"மேல தோட்டத்துக்குப் போகட்டுமா சார்?
அங்க காத்து இருக்கு.
அத நிறுத்து யாரும் சம்பளம் போட மாட்டான்."
நீலப் பம்பை வாங்கிச் சில்லறைப் பைக்குள் போட்டு
போய்விட்டாள்.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள்
வாவிக்கரையில் வேனை ஓரங்கட்டி
எஞ்சினை நிறுத்தாமல் இறங்கி
கையை விரித்து மூச்சிழுக்கிறார்கள்:
"மலைநாட்டுக் காத்துன்னா இதுதான்!"
நான் நடக்கிற வழியில் தினமும் யாராவது.
யாரிடம் சொல்வது,
இது மலை அல்ல, மலைகளுக்கு நடுவே கிடக்கும் சட்டி,
விடிகாலைப் பனி அதற்கு மூடி,
ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வேன்கள் வந்து
அடுப்பைப் பற்றவைக்கும் என்று.
ஹந்தானையில் ஏறிப் பார்த்தால் தெரியும்
மேலே படிந்த சாம்பல் ஆடை.
கீழே நிற்கிறவனுக்கு அது வானம்.

அன்று மாலை குட்செட்டில்
அந்த மூலைப் பக்கமாகப் போனேன்.
அவள் குரல்தான் முதலில் வந்தது:
"இன்னைக்கி இழுப்பு, கோடி ரூவா இழுப்பு,
போனா வராதூ, பொழுது சாஞ்சா கிடைக்காதூ..."
கணீரென்று, அறுபடாமல், ஒரே மூச்சில்.
காலையில் நான் அளந்த நெஞ்சா இது?

கிட்டப் போனால், அவள் வாயே திறக்கவில்லை.
குடைக்கம்பியில் கட்டிய சின்ன ஸ்பீக்கர்.
"நாலு வருசத்துக்கு முந்தி மகன் பதிஞ்சு குடுத்தான்.
இப்ப அவதான் கத்துறா,
நான் மிச்சக் காசு குடுக்கிறேன்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பழக்கதோஷம்.
பதினொரு செக்கன்.
மறுபடியும் பதினொரு செக்கன்.
அவளிடம் சொல்லவில்லை.
ஒரு சீட்டு வாங்கினேன்.

ஐந்து நாற்பது பஸ் பின்னுக்கு எடுத்தது.
நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.
ஸ்பீக்கரில் இருக்கிறவள் மட்டும்
கரும்புகைக்குள்ளிருந்து விடாமல்
கூவிக்கொண்டிருந்தாள்:
இன்னைக்கி இழுப்பு, இன்னைக்கி இழுப்பு.